சிந்தாமணிக்குப் பொருள் தேடிய ஐயர்

உத்தமதானபுரத்தைச் சொந்த ஊராகக் கொண்டு 1855ஆம் ஆண்டு பிறந்த உ.வே. சாமிநாதையர், மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, புராணம் எனத் திரளாகப் பாடங் கேட்டவர். கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்த 1880ஆம் ஆண்டிலேயே, அவ்வூர் முன்சீப்பாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியார், சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று அவரை வினவினார். படித்ததில்லை. முதலியார் தந்த பிரதியைப் புரட்டியபோது, தாம் கற்ற தமிழுக்கு அப்பால் ஒரு பெருந்தமிழ் கிடப்பதை ஐயர் உணர்ந்தார்.

அருஞ்சொற்களை நிகண்டில் தேடிக்கொள்ளலாம். பழகிய சொற்களே அந்நூலில் பெரிதும் இடர் தருவன. காட்சி என்னும் சொல்லைக் கொள்வோம். பிறர்க்கு அது கண்ணாற் காண்பது. திருத்தக்கதேவர் அதனை ஞானத்தோடும் ஒழுக்கத்தோடும் சேர்த்து நிறுத்தி, மெய்ப்பொருளைப் பிழையறத் தேறுதல் என்னும் பொருள் அவ்விடத்திலேயே விளங்கப் பாடுகிறார். கதி என்பதும் அவ்வாறே. முத்தியிலம்பகத்தில் நரகர், விலங்கு, மக்கள், தேவர் ஆகிய நால்வகைப் பிறப்பின் துன்பமும் அடுத்தடுத்து வரக் காண்பவர், அச்சொல்லுக்குப் புகலிடம் என்று பொருள் கொள்ளார். மும்மணியைக் கேட்டு வளரும் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு இவை எளியன. ஐயர்க்கோ யாவும் புதியன. நச்சினார்க்கினியர் உரையும் சமயம் அறிந்தவர்க்கே எழுதியதுபோல் பல இடங்களில் சுருங்கிச் செல்லும்.

ஆகவே அவர் கும்பகோணத்துச் சமணர் வீடுகளை நாடினார். அங்கே சிந்தாமணியைப் பாராயண நூலாகப் பத்திமையோடு ஓதி வந்தனர். சந்திரநாத செட்டியார், வீடூர் அப்பாசாமி நயினார் முதலியோரிடம் ஐயங் கேட்டுத் தெளிந்தார். சைவ மடத்துச் சூழலில் கற்றவர், கல்லூரி ஆசிரியர், பிற சமயத்தார் முன் மாணாக்கராய் அமர்ந்தார்! ஆசிரியப் பணியில் வாழ்நாளைக் கழித்த எனக்கு, இதன் அருமை நன்கு தெரியும். நச்சினார்க்கினியரும் தம் முதலுரையைச் சமணர் ஏற்காமையால், சிற்றாமூர் மடத்தில் தங்கிச் சமண நூல் கற்று மீண்டும் உரை வரைந்தார் என்பது நம்மவரிடை வழங்கும் செவிவழிச் செய்தி. ஏழாண்டு உழைப்புக்குப்பின் 1887இல் சிந்தாமணி உரையுடன் அச்சேறியது.

அவ்வுரையில் நூற்பெயர் கூறாது காட்டப்பெற்ற மேற்கோள்களைத் தேடிய தேட்டமே ஐயரைப் பத்துப்பாட்டிடம் சேர்த்தது. அவ்வேடு தேடித்தான் நம் பொருநைக் கரைக்கும் வந்தார். ஆழ்வார்திருநகரியில், கவிராயர் குடும்பத்து ஏடொன்றை நிலவொளியில் பிரித்துப் பார்க்க, முல்லைப்பாட்டு என்னும் பெயர் கண்ணிற்பட்டது. பத்துப்பாட்டு 1889இல் வெளிவந்தது.

அதிலுள்ள மதுரைக்காஞ்சி, அவ்வூர்க்கு அணித்தாகிய கொற்கையின் முத்தைப் பாடுகிறது. முத்தை அடுத்துச் சேரி ஒன்றைச் சொல்லுமிடத்தில் வளை என்னும் சொல் வருகிறது. வகுப்பில் கேட்டால் வளையல் என்பர் சிலர், எலிவளை என்பர் சிலர். முன்னே முத்தும் பின்னே சேரியும் நிற்பதால் அது சங்கு. சேரியில் வாழ்வோர் சங்கு குளிப்போர். தூத்துக்குடிப் பிள்ளைகளுக்கு இதனை நான் உரை பார்த்துச் சொல்ல நேர்ந்ததில்லை, அவர்களே சொல்லிவிடுவர்.

பின்னர்ச் சிலப்பதிகாரம் 1892இலும், புறநானூறு 1894இலும், மணிமேகலை 1898இலும் ஐயர் பதிப்பாக வந்தன. மணிமேகலைக்காகப் பௌத்தம் கற்றார். சிந்தாமணியையும் அவர் விட்டுவிடவில்லை; புதிய பிரதிகளும் விளக்கங்களும் கிடைக்கக் கிடைக்கத் திருத்தி மறுபடியும் பதித்தார். 1942 ஏப்ரல் 28ஆம் நாள் திருக்கழுக்குன்றத்தில் மறைந்தார்.