சாம்பல் மேட்டின் மர்மம் தீர்த்தவர்

சேலத்துக்கு வடக்கே, ஏற்காடு மலையின் அடிவாரத்தில், வெள்ளை வெளேரென்று கற்கள் படர்ந்து கிடக்கும் மேடுகளைப் பார்த்திருப்பீர்கள். அவை ஜடாயுவின் எலும்புகள் என்று ஒரு பழைய கதை உண்டு. அது மாக்னசைட் என்னும் தாதுப் பொருள் என்கிறது சாஸ்திரம். கதை மனதுக்கு இனியது. ஆனால், இது எப்படி உண்டாயிற்று என்ற கேள்விக்குப் பல பதில்கள் இருந்தால் எதை ஏற்பது? அந்த வழியைத் தம் வாழ்நாள் முழுவதும் பின்பற்றியவர், இந்த மண்ணிலே திரிந்த ராபர்ட் புரூஸ் ஃபுட் துரை.

1834-ல் இங்கிலாந்திலுள்ள செல்டன்ஹாம் நகரில் பிறந்தார். 1858-ல் இந்திய பூகர்ப்ப இலாகாவில் சேர்ந்தார். வில்லியம் கிங் என்ற சகாவோடு சேலம், நாமக்கல், திருச்சி வட்டாரங்களைச் சுற்றிக் கற்களை ஆராய்ந்தார். 1864-ல் அந்த அறிக்கை அச்சாயிற்று. இவருடைய மாமனார் பீட்டர் பெர்சிவல் பாதிரியார். 1855-ல் சென்னையில் தினவர்த்தமானி என்னும் தமிழ்ப் பத்திரிகையை ஆரம்பித்தவர் அவர்தான்.

1863 மே 30-ந் தேதி. பல்லாவரத்தில் ஒரு சரளைக் குழியில் ஃபுட் ஒரு கல்லை எடுத்தார். இருபுறமும் செதுக்கிய தழும்புகள். ஒரு முனை கூர்மை. கல் தானாகவே உடைந்திருக்கலாம் அல்லவா? இருக்கலாம். ஆனால் அப்படியானால், இருபுறமும் ஒழுங்காகச் சில்லுகள் பெயரும்படி எத்தனையோ தற்செயல்கள் வரிசையாக நடந்திருக்க வேண்டும். மனிதன் கை என்று கொண்டாலோ, ஒரே அனுமானம் போதும். சில மாதங்களில் அத்திரம்பாக்கத்தில் அதே மாதிரிக் கருவிகள் ஏராளமாகக் கிடைத்தன, சந்தேகம் தீர்ந்தது. அங்குள்ள கருவிகளில் மிகப் பழையவை சுமார் 15 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தியவை என்று 2011-ல் ஆராய்ச்சியாளர் அறிவித்தார்கள்.

பின்னர் பல்லாரி ஜில்லாவில் அவருக்குப் பெரிய புதிர் ஒன்று காத்திருந்தது. அங்கே சில இடங்களில் சாம்பல் மேடுகள். உள்ளே கண்ணாடி போல உருகி இறுகிய கட்டிகள். பீமன் கொன்ற இடும்பாசுரனின் சாம்பல் என்றார்கள் ஊர் ஜனங்கள். எரிமலைக் கழிவு என்றார்கள் சிலர். போரில் மாண்டவர்களை எரித்த இடம், யாகம் நடந்த இடம் என்றும் யூகங்கள் பிறந்தன.

ஃபுட் கணக்குப் பார்த்தார். எரிமலை என்றால் அதன் வாயும் குழம்பும் எங்கே? போர் என்றால் மனித எலும்புகள் குவியலாக இருக்க வேண்டாமா? மேட்டில் இருந்தவை பானை ஓடு, கற்கோடரி, மாட்டு எலும்பு. ஆகவே, மாடு வளர்த்த கற்கால ஜனங்களின் பட்டியில் குவிந்த சாணம் எரிந்த சாம்பல்தான் இது என்று முடிவு கட்டினார்! புல்லிலே மணற்சத்து உண்டு. கடும் வெப்பத்தில் அது உருகிக் கண்ணாடியாகும். வறட்டி எரிக்கும் நாட்டில் இதற்கு அசுரனும் வேண்டாம், எரிமலையும் வேண்டாம்.

எளிமையான விளக்கம் என்பதற்காக எல்லோரும் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. இரும்பு உருக்கிய கசடு என்று பிற்காலத்தில் வாதித்தவர்களும் உண்டு. 1957-ல் ரேமண்ட் ஆல்சின் என்ற ஆராய்ச்சியாளர், இன்றைய தெலங்கானாவிலுள்ள உட்னூர் மேட்டைத் தோண்டினார். பட்டிக்கு நட்ட கம்பங்களின் குழிகளும், மாடுகளின் குளம்புத் தடங்களும் அப்படியே இருந்தன! ஃபுட்டின் வாக்கு பலித்தது.

எப்போதும் பலித்ததா? இல்லை. பழைய கற்காலத்துக்கும் புதிய கற்காலத்துக்கும் நடுவே நீண்ட வெற்றுக்காலம் இருந்ததென்று அவர் கருதினார். கைக்குக் கிடைத்த சான்றுகளுக்கு அதுவே எளிய விளக்கம். பின்னால் இடைக் கற்காலக் கருவிகள் வெளிப்பட்டு, அந்தக் கருத்து தள்ளப்பட்டது. எனவே, எளிய விளக்கத்தை முதலில் எடுத்துக்கொள்ளலாம். அதைச் சோதிக்காமல் விடலாகாது. ஃபுட்டின் வெற்றியும் பிழையும் நமக்குச் சொல்லும் பாடம் இதுதான்.

1891-ல் ஓய்வு பெற்றபின் ஏற்காட்டிலே குடியிருந்தார். பல்லாண்டு சேகரித்த கற்கருவிகள் 1904-ல் சென்னை மியூசியத்துக்கு வந்து சேர்ந்தன. 1912-ல் அவர் காலமானார். அடுத்த முறை எழும்பூர் மியூசியத்துக்குக் குழந்தைகளை அழைத்துச் சென்றால், கற்கால மனிதனின் கைக்கோடரிகள் முன்னே சற்று நில்லுங்கள். ஏற்காட்டுத் துரையின் கதையைச் சொல்லுங்கள்.