லிஸ்டர் பிரபுவும் கார்லைல் நகரத்துச் சாக்கடையும்

நம் பாட்டனார் காலத்து மருத்துவச்சாலைகளின் வாயிலை மிதித்தவுடனே ஒரு நெடி மூக்கைத் தாக்குமாம். அது கார்பாலிக் அமிலத்தின் நெடி. பீனால் என்று இரசாயன நூலார் வழங்குவதும் அதனையே. நிலக்கரித் தாரினின்று ரூங்கே என்னும் ஜெர்மானியர் 1834-இல் அதனைப் பிரித்தெடுத்தார். நோயாளரின் புண்ணுக்கு மருந்தாக அதனைப் புகழ்பெறச் செய்தவர் ஜோசப் லிஸ்டர். அவருக்கு அந்நினைவைத் தூண்டியதோ ஒரு சாக்கடை! இலக்கியம் பயிலும் நாம் சாக்கடையைப் பற்றி எழுதப் புகுந்தது கண்டு விஞ்ஞான வகுப்பு நண்பர்கள் நகைப்பாராயின், நகைக்கட்டும்.

லிஸ்டர் 1827-ஆம் ஆண்டு ஏப்ரல் 5-ஆம் நாள் இங்கிலாந்தில் அப்டன் என்னுமிடத்தில், குவேக்கர் குடும்பமொன்றில் பிறந்தார். தந்தையார் மது வணிகர். ஆயினும் நுண்பொருள் காட்டும் கண்ணாடியைத் திருத்தியமைத்துப் பெயர் பெற்றவர். லண்டனிற் கற்ற லிஸ்டர், எடின்பரோவில் சைம் என்னும் ரண வைத்தியரிடம் தொழில் பயின்று, அவர் மகளார் ஆக்னஸை 1856-இல் மணந்தார். 1860-இல் கிளாஸ்கோவிற் பேராசிரியரானார்.

அக்காலத்து ரண சிகிச்சையை எண்ணினால் உள்ளம் நடுங்குகின்றது. கத்திக்குத் தப்பியவர் புண் அழுகி மாண்டனர். கெட்ட காற்றே அதற்குக் காரணமென்பது பலர் கொள்கை. நுண்ணுயிர்களாலேயே பொருள்கள் அழுகுகின்றன என்ற பாஸ்டரின் ஆராய்ச்சியை இரசாயனப் பேராசிரியர் ஆண்டர்சன் வாயிலாக லிஸ்டர் அறிந்தார். அவ்வுயிர்களைப் புண்ணிலேயே கொல்வது எவ்வாறு? கார்லைல் நகரத்துச் சாக்கடை நீரிற் கார்பாலிக் அமிலம் சிறிதளவு கலந்தவுடன் நாற்றம் நீங்கியதென்றும், அந்நீர் பாய்ந்த புல்வெளியில் மேய்ந்த கால்நடைகள் புழுநோயினின்று விடுபட்டன என்றும் 1864-இல் அவர் கேள்வியுற்றிருந்தார். மற்றோர் மறந்துவிடக்கூடிய செய்தியை அவர் மறந்தாரில்லை.

1865 ஆகஸ்டு 12-ஆம் நாள், வண்டிச் சக்கரம் ஏறிக் கால் முறிந்த பதினொரு வயதுச் சிறுவனொருவன் வந்தான். எலும்பு முறிந்து தோலும் கிழிந்த அத்தகைய கால்களை வெட்டியெறிவதே அந்நாளில் வழக்கம். லிஸ்டர் அமிலத்தில் நனைத்த துணியால் புண்ணைக் கட்டினார். புண் அழுகவில்லை, ஆனால் அமிலமே தோலை வேகச் செய்தது. உடனே நீரும் எண்ணெயும் கலந்து அதன் கடுமையைக் குறைத்தார். ஆறு வாரத்திற் கால் கூடிற்று. புதுமுறைக்கு முன்னர் உறுப்பு வெட்டப்பட்ட 35 பேரில் 16 பேர் இறந்திருந்தனர். பின்னர் 1867 முதல் 1869 வரை 40 பேரில் அறுவரே இறந்தனர்.

அமிலத்தைக் காற்றிலும் தூவினார். அதனால் அருகிருந்தோர் இருமினர். தூவுதல் வேண்டாததென்று தெளிந்தபின், 1890-இல் பெர்லின் மாநாட்டில் தம் பிழையைத் தாமே எடுத்துரைத்தார். அவர் வெற்றிகளினும் இச்செயலையே நாம் பெரிதென மதிக்கின்றோம். 1897-இற் பிரபுப் பட்டம் பெற்றார். 1912 பிப்ரவரி 10-ஆம் நாள் மறைந்தார். வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் இறுதி வழிபாடு நிகழினும், உடல் அவர் விரும்பியவாறே மனைவியார் அருகில் அடக்கம் செய்யப்பெற்றது.

சாக்கடையைத் தூய்மை செய்யச் சென்ற பீனாலைச் சாக்கடையினின்று நீக்கவேண்டிய காலமும் வந்தது. கரியிலிருந்து வாயுவும் கோக்கும் செய்யும் ஆலைகளின் கழிவுநீர் ஆறுகளிற் கலந்து மீன்களைக் கொன்றது. குடிநீரைத் தூய்மையாக்கக் குளோரின் இட்டபொழுது, அதனோடு பீனால் கூடி, வாயில் வைக்கவொண்ணாத மருந்துச் சுவையைத் தந்தது. 1914-இல் மான்செஸ்டரில் ஆர்டனும் லாக்கெட்டும் சாக்கடை நீரிற் காற்றைச் செலுத்தி, அடியிற் படியும் சேற்றிலுள்ள நுண்ணுயிர்களைக் கொண்டே அழுக்கை அகற்றும் முறையை வெளியிட்டனர். பின்னர் இம்முறை பீனாலுக்கும் பயன்பட்டது. லிஸ்டர் எந்த இனத்தைக் கொல்லப் பீனாலை ஏவினாரோ, அவ்வினத்துட் சில சிறிது சிறிதாகப் பழக்கப்பட்டால் அதனையே உணவாகக் கொண்டு, கரியமில வாயுவாகவும் நீராகவும் சிதைத்துவிடுகின்றன! எஞ்சியதைத் துளைகள் மிகுந்த கரித்தூள் ஈர்த்துக்கொள்ளும். ஆயினும் ஒரே நாளில் அளவிறந்து வந்து பாயுமாயின் அவ்வுயிர்களும் மடியும். ஆதலால் கடுமை மிக்க கழிவைத் தனித்தொட்டியில் நிறுத்திவைத்து, பிற நீர் கலந்து, சிறுகச் சிறுகவே உள்ளே விடுகின்றனர்.