தேர்வில் தோற்ற கணித மேதை

தேர்வு முடிவு வெளியாகும் நாளில் நம் நெய்யூர் வட்டாரத்து இல்லங்கள் பலவற்றில் மகிழ்ச்சி பொங்கும். சிலவற்றில் அமைதி சூழும். முதல் வகுப்பை எதிர்பார்த்து மூன்றாம் வகுப்பில் நின்றவர், இனி வேலை ஏது, மேற்படிப்பு ஏது என்று மனம் சோர்வது இயல்பே. அத்தகையோர் நினைவில் கொள்ளத்தக்கது கணித மேதை சீனிவாச இராமானுசனின் வரலாறு.

1887 டிசம்பர் 22ஆம் நாள் ஈரோட்டில் பிறந்த இராமானுசன் கும்பகோணத்தில் வளர்ந்தார். தந்தையார் துணிக்கடைக் கணக்கர். 1904இல் கணிதப் பரிசுடன் பள்ளிப்படிப்பை முடித்து, உதவித்தொகை பெற்று அரசுக் கல்லூரியில் சேர்ந்தார். ஆனால், கணிதத்தில் மூழ்கிய உள்ளம் பிற பாடங்களில் பதியவில்லை. ஆங்கிலத்தில் தவறினார், உதவித்தொகை பறிபோயிற்று. 1905இல் யாரிடமும் கூறாமல் வீட்டைவிட்டு வெளியேறி விசாகப்பட்டினம் சென்றார். பின்னர்ச் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும், பி.ஏ. வகுப்புக்கு முன்னதான எஃப்.ஏ. தேர்வில் 1906, 1907 ஆகிய ஈராண்டுகளும் தோல்வியே கண்டார்.

பட்டமில்லாதவருக்கு வேலை எளிதில் கிட்டுமா? 1909இல் திருமணமும் நடந்தது. குடும்பப் பொறுப்பு கூடியது. மறு ஆண்டு தம் கணிதக் குறிப்பேட்டுடன் திருக்கோவிலூர் சென்று, இந்தியக் கணிதக் கழக நிறுவனரும் துணை ஆட்சியருமான வி. இராமசாமி ஐயரிடம் எழுத்தர் பணி வேண்டினார். குறிப்பேட்டைப் புரட்டிய அப்பெருந்தகை, இவ்வறிவை ஓர் எழுத்தர் பணியில் முடக்கலாகாது எனக் கருதிச் சென்னை நண்பர்களுக்குப் பரிந்துரை வழங்கினார். அதன் பயனாக நெல்லூர் ஆட்சியர் இராமச்சந்திர ராவ் மாதந்தோறும் பொருளுதவி செய்தார். பிறர் பொருளில் வாழ விரும்பாத இராமானுசன் 1912இல் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தரானார்.

1913 சனவரியில் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்குத் தம் தேற்றங்களை மடலாக எழுதினார். ஹார்டி வியந்தார், சென்னைப் பல்கலைக்கழகமும் விழித்தது. பட்டதாரிகளுக்கே உரிய ஆராய்ச்சி உதவித்தொகை, பட்டமில்லாத இவருக்கு மாதம் 75 ரூபாயாக வழங்கப்பட்டது. 1914இல் கப்பலேறினார். எஃப்.ஏ. தேறாதவருக்கு 1916இல் கேம்பிரிட்ஜ் ஆராய்ச்சி வழியாகப் பி.ஏ. பட்டம் அளித்தது, 1918இல் இராயல் சொசைட்டியின் உறுப்பினருமானார். உடல்நலம் குன்றி 1919இல் தாயகம் திரும்பியவர், 1920 ஏப்ரல் 26ஆம் நாள் மறைந்தார். அப்போது அகவை 32.

இவ்வரலாற்றைப் படித்து, தோல்வியே மேதைமைக்கு அடையாளம் என எவரும் கருதிவிடலாகாது. தோல்வி அவரை உயர்த்தவில்லை. தோற்ற பின்னும் நாள்தோறும் நிரம்பிய அந்தக் குறிப்பேடே உயர்த்தியது. காட்டுவதற்குக் கையில் ஒன்று இருந்தது. அதைக் கொண்டுசென்று கதவுகளைத் தட்டும் துணிவும் இருந்தது. மாணவர்க்கு நாம் சுட்டுவது இதுவே: மதிப்பெண் பட்டியல் குறைந்து நின்றால், உழைப்பின் பட்டியலை நீட்டுங்கள்.

ஆசிரியர்க்கும் பெரியோர்க்கும் இதில் ஒரு பாடம் உண்டு. 32 ஆண்டு வாழ்வில் எட்டு ஆண்டுகள் தேர்வுத் தோல்வியின் நிழலிலேயே கழிந்தன. குறிப்பேட்டைப் பொறுமையுடன் புரட்டிப் பார்க்க ஒருவர் முன்னரே வாய்த்திருப்பின், அவ்வாண்டுகளில் எவ்வளவோ விளைந்திருக்கும். நம் வாயிலுக்குக் குறைந்த மதிப்பெண்ணுடன் வரும் பிள்ளையிடம், எத்தனை வாங்கினாய் என்பதோடு, என்ன செய்து வைத்திருக்கிறாய் என்றும் கேட்போமாக.