வில்லியம் ஹென்றி

சோடாப் புட்டியின் அடைப்பை நீக்கியவுடன் நீர் நுரைத்துப் பொங்குதலை நாம் யாவரும் கண்டிருக்கின்றோம். அந்நுரைக்குரிய விதியைக் கண்டவரது சரித்திரத்தை அறிந்தாரோ நம்மில் மிகச் சிலரே.

இங்கிலாந்து தேசத்து மாஞ்செஸ்டர் நகரில் 1774-ஆம் ஆண்டில் வில்லியம் ஹென்றி பிறந்தார். தந்தையார் தாமஸ் ஹென்றி மருந்து வாணிகர். மக்னீசியா செய்து பொருளீட்டியவர். சிறுபிராயத்தில் உத்திரமொன்று வில்லியத்தின்மேல் வீழ்ந்தது. அன்று பற்றிய நோவு ஆயுள் முழுதும் அவரை விட்டகலவில்லை. உடல் வளர்ச்சியும் குன்றிற்று. எடின்பரோவில் மருத்துவம் பயிலச் சென்றவர் தந்தையாரது தொழிலைக் கவனிக்க இடையிலே திரும்ப நேர்ந்தமையால், 1807-லேதான் பட்டம் பெற்றார்.

இதற்கிடையே, தண்ணீர் எவ்வளவு வாயுவை உட்கொள்ளும் என்பதை அளந்தறிய முற்பட்டார். கண்ணாடிக் கலத்திலே அளவறிந்த நீரையும் வாயுவையும் பாதரசத்தால் அடைத்துக் குலுக்கி, குறைந்த வாயுவைக் கணக்கிட்டார். பாதரசத்தை மேலும் பெய்து அழுத்தத்தைக் கூட்டி மீண்டும் அளந்தார். வெப்பநிலை மாறாதிருப்ப, நீரின்மேல் வாயுவின் அழுத்தம் இருமடங்காயின் கரையும் வாயுவின் நிறையும் இருமடங்காகும், மும்மடங்காயின் மும்மடங்காகும். 15 பாகை வெப்பத்தில், சாதாரண அழுத்தத்தில், தண்ணீர் ஏறக்குறையத் தன் கன அளவினதாகிய கரியமில வாயுவைக் கொள்ளும். புட்டியுள் அழுத்தத்தால் மிகுதியாய்க் கரைந்த வாயுவே திறந்தவுடன் வெளிப்படுகின்றது. (அம்மோனியா போன்று நீரோடு வினைப்படும் வாயுக்கள் இவ்விதிக்கு அடங்கா.)

1803-ல் இஃது ராயல் சங்கத்து வெளியீட்டில் அச்சேறிற்று. ஆயினும் நாம் பெரிதும் மதிப்பது பின்னர் நிகழ்ந்ததையே. நீரில் முன்னரே கரைந்திருந்த காற்று வெளிப்பட்டுக் கலத்தில் எஞ்சிய வாயுவோடு கலந்துவிடுமாதலின், அவ்வாயு தூயதன்று. ஒவ்வொரு வாயுவும் தன் பங்கிற்குரிய அழுத்தத்தின்படியே கரையும் என்பது நண்பர் ஜான் டால்டனின் கருத்து. ஹென்றி சினந்தாரில்லை. தாம் அச்சிட்ட எண்கள் திருத்தமுறாதவை என ஒப்பி, மறுபடியும் சோதித்து, அவ்வாண்டிலேயே அனுபந்தமொன்றை வெளியிட்டார். இது எளிய செயலோ?

கடலாழத்தில் மூழ்குவோர் விரைந்து மேலேறலாகாது என்பதற்கும் இவ்விதியே காரணம். ஆழத்து அழுத்தத்தால் குருதியில் மிகுந்து கரைந்த நைட்ரஜன், விரைவில் அழுத்தம் குறையின், சோடா நீரிற்போலக் குமிழிகளாய்ப் புறப்பட்டு உயிருக்கே கேடு சூழும்.

ஹென்றி இயற்றிய இரசாயன நூல் 11 பதிப்புகள் கண்டது. நோவும் உறக்கமின்மையும் நாளடைவில் பொறுத்தற்கரியனவாக, 1836-ல் அவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார் என்பதை வருத்தத்துடன் எழுதுகின்றோம். டால்டனோ அதன்பின் எட்டாண்டு வாழ்ந்தார். அவரது சரித்திரத்தை 1854-ல் எழுதி வெளியிட்டவர் ஹென்றியின் மைந்தரே.