சிட்டு சொன்ன சேதி!

குட்டீஸ்! திருப்பூரில் நஞ்சராயன் குளம் இருக்கிறது. 2022ல் அதைத் தமிழகத்தின் 17வது பறவைகள் சரணாலயமாக அறிவித்தனர். தண்ணீர் நிறைந்த குளத்தைக் காக்க வேண்டும் என்றால், எல்லாரும் ஒப்புக்கொள்வர். முள்ளும், கல்லுமாகக் கிடக்கும் வறண்ட காட்டை? வெறும் பொட்டல் என்று தானே நினைப்பீர்கள்! அங்கும் அரிய உயிர்கள் உண்டு என்று நம்பியவர், சலீம் அலி.

மும்பையில், 1896ல் பிறந்தார். மூன்று வயதுக்குள் தாய், தந்தை இருவரையும் இழந்தார். மாமா தான் வளர்த்தார். சிறுவனாக இருந்தபோது, விளையாட்டுத் துப்பாக்கியால் ஒரு சிட்டைச் சுட்டு வீழ்த்தினார். அதன் கழுத்தில் மஞ்சள் நிறம்! அது என்ன பறவை என்று மாமாவிடம் கேட்டார்; அவருக்கும் தெரியவில்லை. மும்பை இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்பி வைத்தார். அங்கிருந்த மில்லார்டு என்பவர், பறவையின் பெயரைச் சொன்னதோடு, பாடம் செய்து வைத்திருந்த ஏராளமான பறவைகளையும் காட்டினார். அன்று முதல் சலீமுக்குப் பறவைகளே உலகமாயின.

வாழ்க்கை எளிதாக இல்லை. 1930ல் வேலை இல்லாமல் கடலோர கிராமத்தில் தங்கினார். சோர்ந்து உட்காரவில்லை. அங்கிருந்த தூக்கணாங்குருவிக் கூடுகளை மாதக்கணக்கில் கவனித்து எழுதினார். புகழ் தேடி வந்தது. இந்தியப் பறவைகள் பற்றிய அவரது நூல், 1941ல் வெளியானது.

ஆந்திராவின் முட்காடுகளில், ஜெர்டான் கோர்சர் என்ற பறவை உண்டு. பகலில் பதுங்கி, இரவில் தரையில் ஓடி இரை தேடும். தெலுங்கில் கலிவிகோடி என்பர். 1900க்குப் பின் யார் கண்ணிலும் படவில்லை. அழிந்தே போனது என்று பலர் நினைத்தனர். சலீம் அலியின் கழகம் விடாமல் தேடியது. காட்டை நன்கு அறிந்த உள்ளூர்வாசி ஒருவரின் உதவியால், 1986 ஜனவரியில், கடப்பா மாவட்டத்தில் அது கிடைத்தது. அப்போது சலீம் அலிக்கு வயது 89!

அடுத்த ஆண்டே அவர் மறைந்தார். 1988ல், அந்த முட்காடு ஸ்ரீலங்கமல்லேஸ்வரா சரணாலயம் ஆனது. கோவை அருகே ஆனைகட்டியில், அவர் பெயரில் பறவை ஆராய்ச்சி மையமும் உள்ளது.

குட்டீஸ்... உங்கள் ஊர் முட்காட்டைப் பார்க்கும்போது, பொட்டல் தானே என்று ஒதுக்காதீர்கள். அந்தப் புதருக்குள்ளும் ஒரு குடும்பம் குடியிருக்கலாம்!