அகராதி தந்த அறிஞர் ஜான்சன்

ஆங்கிலத்தில் 'ரிசீட்' என்று எழுதும்போது நடுவே ஒலிக்காத 'பி' ஒன்றைச் சேர்க்கிறோம். 'டிசீட்' என்று எழுதும்போது அந்தப் 'பி' இல்லை. இரண்டும் ஒரே குடும்பத்துச் சொற்கள். இலத்தீன் மூலத்தில் இரண்டிலுமே 'பி' உண்டு. பின் ஏன் இந்த ஓரவஞ்சனை என்று ஆங்கில ஆசிரியையை நச்சரித்துப் பயனில்லை. நாம் கேட்கவேண்டியது டாக்டர் சாமுவேல் ஜான்சனை!

இங்கிலாந்தில் லிச்ஃபீல்டு என்னும் ஊரில், 1709-ஆம் ஆண்டு செப்டம்பர் 18-ஆம் நாள், ஏழைப் புத்தக வியாபாரி ஒருவரின் மகனாய் அவர் பிறந்தார். பச்சிளம் பருவத்திலேயே கண்டமாலை நோய் தாக்கி ஒரு கண் ஏறக்குறையப் பார்வை இழந்தது; ஒரு காதும் மந்தமாயிற்று. ஆனால் தந்தையின் கடை நிறையப் புத்தகங்கள் இருந்தன. அவற்றுள் மூழ்கினார் சிறுவர்.

ஆக்ஸ்போர்டில் சேர்ந்தபோது அவருடைய காலணிகள் கிழிந்து விரல்கள் வெளியே தெரிந்தனவாம். இரக்கப்பட்ட எவரோ புதிய காலணிகளை அறை வாசலில் வைத்துச் செல்ல, தன்மானம் மிக்க ஜான்சன் அவற்றைத் தூக்கி எறிந்துவிட்டார். பணமில்லாமல் ஓராண்டுக்குச் சற்று மேல் படித்ததோடு, பட்டம் பெறாமலே வீடு திரும்பினார். பின்னர் தொடங்கிய பள்ளியில் சேர்ந்த மாணவர் மிகச் சிலரே, அதுவும் மூடப்பட்டது. 1737-இல் எழுதிப் பிழைக்க இலண்டன் சென்றார்.

அந்நாளில் ஆங்கில எழுத்துக்கூட்டல் ஆளுக்கு ஒரு விதமாக இருந்தது. அகராதிகள் இல்லாமல் இல்லை. 1604-இல் ராபர்ட் காட்ரே வெளியிட்ட முதல் ஆங்கில அகராதி, பெண்கள் முதலிய பயிற்சி குறைந்தவர்களுக்கானது என்று தலைப்பிலேயே அறிவித்திருந்தது! (நம் மாணவிகள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.) ஆனால் மொழி முழுவதற்கும் அளவுகோலாக நிற்கும் நூல் இல்லை. 1746-இல் புத்தக வெளியீட்டாளர் சிலர் 1,500 கினி தருவதாக ஜான்சனுடன் ஒப்பந்தம் செய்தனர். மூன்றாண்டில் முடிப்பதாகச் சொன்னார். பிரெஞ்சு நாட்டில் நாற்பது அறிஞர் கூடி நாற்பதாண்டு உழைத்த வேலை அது. இவருக்கு ஏறத்தாழ ஒன்பதாண்டு ஆயிற்று.

காஃப் சதுக்கத்து வீட்டின் மேல்மாடியில் ஆறு உதவியாளர்களுடன் வேலை நடந்தது. நல்ல ஆசிரியர்களின் நூல்களைப் படித்து, தக்க சொற்களைப் பென்சிலால் கோடிட்டு, ஓரத்தில் முதலெழுத்தைக் குறிப்பார் ஜான்சன். உதவியாளர்கள் அவ்வாக்கியங்களைத் தாள் துண்டுகளில் படியெடுப்பார்கள். சொல்லின் பொருளை வழக்கிலிருந்தே காட்டவேண்டும் என்பது அவர் கொள்கை. பொருளோடு மேற்கோள் வாக்கியத்தையும் சேர்த்து மனனம் செய்யும் மாணவிக்கு இதன் அருமை தெரியும்.

உதவுவார் என்று நம்பிய செஸ்டர்ஃபீல்டு பிரபு ஏழாண்டு எட்டிப் பார்க்கவில்லை. நூல் வெளிவரும் தறுவாயில் பத்திரிகையில் புகழ்ந்து எழுதினார். நீரில் தத்தளித்தபோது வராதவர் கரையேறியபின் கை நீட்டுகிறாரே என்ற கருத்தில் கடிதம் எழுதி அப்புகழ்ச்சியை உதறினார் ஜான்சன். அதைவிடப் பெரிய துன்பம் 1752-இல் நேர்ந்தது. மனைவி எலிசபெத் காலமானார். துயரம் நெஞ்சை அடைக்க, அந்த மேல்மாடியிலேயே வேலையைத் தொடர்ந்தார்.

1755 ஏப்ரல் 15-இல் இரண்டு பெரிய தொகுதிகளாக அகராதி வெளிவந்தது. சொற்கள் 42,773, மேற்கோள்கள் ஏறத்தாழ 1,14,000. முன்பகுதியில் ஆங்கில இலக்கணமும் உண்டு. பட்டமின்றிப் பிரிந்த ஆக்ஸ்போர்டு அவருக்கு எம்.ஏ. பட்டம் அளித்தது.

குறையே இல்லையா? உண்டு. 'ரிசீட்'டுக்குப் 'பி' கொடுத்து 'டிசீட்'டுக்கு மறுத்தது இந்நூலே. அன்று இரு விதமாகவும் எழுதப்பட்டவை இப்படியே நிலைபெற்றுவிட்டன. 'மியூசிக்' என்பதன் இறுதியில் 'கே' ஒன்றையும் வைத்திருந்தார். அது பின்னாளில் உதிர்ந்தது. 'ஆனர்' என்பதில் அவர் காத்த 'யு'வை அமெரிக்கர் நோவா வெப்ஸ்டர் தம் அகராதியில் நீக்கினார். நாம் இன்றும் 'யு' போட்டே எழுதுகிறோம். குதிரையின் குளம்புக்கு மேலுள்ள பகுதியை முழங்கால் என்று தவறாக எழுதியிருந்தார் ஜான்சன். காரணம் கேட்ட பெண்மணியிடம், அறியாமையே என்று ஒப்புக்கொண்டார். இத்தனை பெரிய அறிஞர் வாயிலிருந்து இந்த விடை வந்தது நமக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

அகராதி புகழ் தந்தது, செல்வம் தரவில்லை. 1756-இலேயே ஆறு பவுனுக்கும் குறைந்த கடனுக்காகக் கைதானார். நாவலாசிரியர் ரிச்சர்ட்சன் பணம் அனுப்பி மீட்டார். 1762-இல் அரசு ஆண்டுக்கு 300 பவுன் அளித்தபின்பே வறுமை நீங்கியது.

முதுமையில் ஒருநாள் அவர் உட்டாக்ஸிடர் என்னும் ஊருக்குச் சென்றார். இளமையில், அங்குள்ள சந்தைக்குத் தம்முடன் கடைக்கு வரும்படி நோயுற்ற தந்தை அழைத்தபோது, கர்வத்தால் மறுத்திருந்தார். ஐம்பதாண்டுகளாக அது மனத்தை அறுத்தது. கடை இருந்த இடத்தில், கொட்டும் மழையில், தொப்பியைக் கழற்றிவிட்டு நெடுநேரம் நின்றார் அம்முதியவர்.

1784 டிசம்பர் 13-இல் மறைந்த அவரை வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கம் செய்தார்கள்.