இல்லறத்தார்க்கு யோகம் வகுத்த ஹேமசந்திர ஆசாரியர்

யோகம் என்றதும் நம் நினைவுக்கு முதலில் வருவன ஆசனங்களும் மூச்சுப் பயிற்சியுமே. விடியற்காலையில் பாய் விரித்துக் கைகால்களை மடக்குவதும், மூக்கைப் பற்றி மூச்சை எண்ணுவதுமே யோகம் என்று பலரும் கருதுகின்றனர். ஆனால், ஏறத்தாழ எண்ணூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் குஜராத் நாட்டில் வாழ்ந்த சமண ஆசாரியர் ஒருவர் யோகத்திற்கென்றே ஒரு பெருநூல் இயற்றினார். அந்நூலில் ஆசனங்கள் நான்காம் பகுதியின் இறுதியில்தான் இடம்பெறுகின்றன. இல்லறத்தான் பொருளை எவ்வழியில் ஈட்ட வேண்டும் என்பதோ முதற் பகுதியிலேயே வந்துவிடுகிறது. அந்நூல் 'யோகசாஸ்திரம்', ஆசிரியர் ஹேமசந்திர சூரி. அவர் சுவேதாம்பர மரபினர் ஆதலின், திகம்பர மரபினராகிய நம்மில் பலர் அவர் பெயரைக் கேட்டிருந்தும் நூலைக் கண்டிரார்.

அவர் 1088ஆம் ஆண்டு கார்த்திகைப் பௌர்ணமியன்று தந்துகா என்னும் ஊரில் பிறந்தார். தந்தை சாசிகர், வணிக குலத்தவர், தாய் பாஹினி. குழந்தைக்கு இட்ட பெயர் சாங்கதேவன். தேவசந்திர சூரி என்னும் ஆசாரியர் அவ்வூருக்கு எழுந்தருளியபோது, தாயுடன் சென்ற சிறுவன் ஆசாரியரின் இருக்கையில் தானே ஏறி அமர்ந்தான் என்று பழைய சரித நூல்கள் கூறும். குழந்தையின் இலக்கணங்களைக் கண்ட ஆசாரியர் அவனைத் தமக்குத் தருமாறு கேட்டார். தந்தை அப்போது வெளியூர் சென்றிருந்தார். பாஹினி தயங்கினாள், பின்னர் கொடுத்துவிட்டாள்.

இவ்விடத்தில் என் மனம் எப்போதும் சற்று நின்றுவிடும். கணவன் ஊரில் இல்லாத வேளையில் பெற்ற பிள்ளையைக் கொடுத்தனுப்பிய அந்தத் தாயின் இரவுகள் எவ்வாறு கழிந்திருக்கும்? திரும்பி வந்த சாசிகர் சினந்தார். உணவையும் மறுத்து மகனைத் தேடிப் புறப்பட்டார். அமைச்சர் உதயனர் அவரை வரவேற்று உபசரித்து, மகனுக்கு ஈடாகப் பெரும்பொருள் தர முன்வந்தார். அப்பொருளைத் தீண்டவும் மறுத்த சாசிகர், மகனை மட்டும் மனமுவந்து அளித்தார் என்பது வரலாறு. புகழ்பெற்ற பிள்ளையைப் பற்றிப் பேசுவோர் இந்தப் பெற்றோரை ஒரு வரியில் கடந்துவிடுவது எனக்கு ஏற்புடையதன்று. பாஹினியும் பிற்காலத்தில் துறவு பூண்டார்.

தீட்சை பெற்ற சிறுவனுக்குச் சோமசந்திரன் என்று பெயராயிற்று. தர்க்கம், இலக்கணம், காவியம் ஆகிய மூன்றிலும் தேர்ந்து, 1110இல், இருபத்தொரு வயதிலேயே ஆசாரிய பதவி பெற்று ஹேமசந்திரர் ஆனார். தலைநகரான அணஹில்லபுரப் பட்டணத்தில் அப்போது ஆண்டவன் சோலங்கி மன்னன் ஜயசிம்ம சித்தராஜன். அவன் சைவன், இறுதிவரை சைவனாகவே இருந்தான். எனினும், மாளவத்தை வென்று அங்கிருந்த ஏட்டுச் சுவடிகளைக் கொணர்ந்தபோது, தன் நாட்டுக்கும் ஓர் இலக்கண நூல் வேண்டுமென்று விரும்பி ஹேமசந்திரரையே வேண்டினான். அவ்வாறு பிறந்த சித்தஹேம இலக்கணத்தின் எட்டாம் அத்தியாயம் பிராகிருதத்துக்கும் அபப்பிரம்சத்துக்கும் உரியது. பொதுமக்களின் பேச்சிலிருந்து வளர்ந்த மொழிகளுக்கும் இலக்கணம் உண்டென்று காட்டிய அந்த அத்தியாயத்தை மொழியறிஞர் இன்றும் போற்றுகின்றனர். நிகண்டுகள், யாப்பு நூல், அறுபத்துமூன்று சலாகா புருஷர் சரிதம் என்று அவர் எழுதியவற்றை எண்ணினால், மற்றொருவர்க்கு ஏடு பெயர்த்தெழுதவே ஓர் ஆயுள் போதாது.

நாம் கூற வந்தது யோகசாஸ்திரத்தைப் பற்றி. அது யாருக்காக எழுதப்பட்டது என்பதை முதலில் அறிதல் வேண்டும். சித்தராஜனுக்கு ஆண்மகவு இல்லை. தனக்குப்பின் குமாரபாலன் அரசாளக் கூடாதென்று எண்ணிய அவன், அவனைக் கொல்ல ஆள் ஏவினான். குமாரபாலன் வேடம் மாற்றி ஊர் ஊராக அலைந்தான். பசியையும் அச்சத்தையும் அறிந்தான். ஒருமுறை துரத்தி வந்த காவலரிடமிருந்து அவனை ஹேமசந்திரர் சுவடிக் குவியலின் அடியில் மறைத்துக் காத்தார் என்று ஒரு கதை வழங்குகிறது. 1143இல் அரசெய்தியபோது அவன் இளமையைக் கடந்திருந்தான். அவன் போர் செய்தவன், ஊனுண்டவன், நாடாளும் சுமையை உடையவன். அத்தகையவன் தனக்கும் யோகம் கைகூடுமா என்று கேட்டான். அவன் வேண்டுகோளுக்கிணங்க இயற்றப்பட்டதே ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுலோகங்களும் பன்னிரண்டு பிரகாசங்களும் கொண்ட இந்நூல். ஆசாரியர் தாமே அதற்கு விரிவான உரையும் எழுதினார்.

ஹேமசந்திரர் யோகத்துக்குக் கூறும் இலக்கணம் மிக எளியது. வீடுபேற்றுக்குக் காரணமாவது யோகம். அது நற்காட்சி, நன்ஞானம், நல்லொழுக்கம் என்னும் மும்மணியே. ஆகவே முதல் மூன்று பிரகாசங்களில் ஒழுக்கமே பேசப்படுகிறது. இல்லறத்தானுக்கு வேண்டிய முப்பத்தைந்து பண்புகளை அவர் தொகுக்கும்போது, நேர்மையான வழியில் ஈட்டிய பொருளையே முதலாவதாக வைக்கிறார். வரவுக்கேற்பச் செலவிடுதல், பெற்றோரைப் பேணுதல், விருந்தோம்பல், செரியாதபோது உண்ணாதிருத்தல் என்று அப்பட்டியல் நீள்கிறது. வீடு எப்படி இருக்க வேண்டும் என்பதையும் விட்டாரில்லை. மிக வெளிப்படையாகவும் மிக மறைவாகவும் இல்லாமல், பல வாயில்கள் இல்லாமல், நல்ல அயலார் நடுவே அமைய வேண்டுமாம்! ஒரு துறவிக்கு வீட்டு வாயிலைப் பற்றி என்ன கவலை என்று முதன்முறை படித்தபோது நான் நகைத்தேன். வீட்டின் அமைதியே மனத்தின் அமைதிக்கு முதற்படி என்பதைக் குடும்பம் நடத்தியவர்கள் அறிவர்.

மூன்றாம் பிரகாசத்தில் சிராவகர் மேற்கொள்ளலாகாத பதினைந்து தொழில்கள் கூறப்படுகின்றன. காடழித்தல், கரி சுடுதல், தந்த வணிகம், நஞ்சு விற்றல், உயிருள்ளவற்றை விற்றல், ஏரி குளங்களை வற்றச் செய்தல் ஆகியன அவற்றுள் சில. ஏரிகளை மேடாக்கி வீடு கட்டுவதைக் கண்டு பழகிய நமக்கு, யோக நூல் ஒன்று ஏரியைப் பற்றிப் பேசுவது வியப்பாகத் தோன்றலாம். எண்ணற்ற நீர்வாழ் உயிர்களைக் கொன்று ஈட்டிய பொருளில் உண்டபின், கண்மூடி அமர்ந்து என்ன பயன் என்பது அவர் கருத்து.

நான்காம் பிரகாசத்தில் கோபம், மானம், மாயை, உலோபம் என்னும் கஷாயங்களை வெல்லும் வழியும், பன்னிரண்டு பாவனைகளும், நட்பு, பிறர் நலம் கண்டு மகிழ்தல், இரக்கம், நடுவுநிலை என்னும் நான்கும் விளக்கப்படுகின்றன. அதன்பின்னரே பத்மாசனம், வீராசனம், காயோத்சர்க்கம் முதலிய ஆசனங்கள் வருகின்றன. கழுகுமலைப் பாறையில் நிற்கும் திருவுருவங்களைக் கண்டவர்களுக்குக் காயோத்சர்க்க நிலையை விளக்க வேண்டுவதில்லை. இந்த ஆசனமே சிறந்தது என்று ஹேமசந்திரர் எதனையும் விதிக்கவில்லை; எதில் அமர்ந்தால் மனம் நிலைக்குமோ அதுவே தியானத்துக்குரியது என்று விட்டுவிட்டார்.

ஐந்தாம் பிரகாசம் பிராணாயாமம் பற்றியது. நூலில் மிக நீண்ட பகுதி அதுவே. மூச்சின் வகைகள், அது இயங்கும் நாடிகள், மூச்சைக் கொண்டு இறுதிக் காலத்தை அறியும் குறிகள் எல்லாம் விரிவாக உள்ளன. இவ்வளவும் சொல்லிவிட்டு, ஆறாம் பிரகாசத்தில் இது வீடுபேற்றுக்கு வேண்டுவதன்று என்கிறார். மூச்சை வலிந்து அடக்கினால் உடல் வருந்தும். உடல் வருந்தினால் மனம் கலங்கும். கலங்கிய மனத்தில் தியானம் எவ்வாறு நிலைக்கும் என்பது அவர் வாதம். தாம் ஏற்காத ஒன்றையும் முழுமையாகக் கற்று, குறையின்றி எடுத்துரைத்த பின்னரே மறுத்த அந்த நேர்மையை ஆசிரியத் தொழிலில் இருந்தவள் என்ற முறையில் நான் மிகவும் மதிக்கிறேன். பணி ஓய்வுக்குப்பின் மூச்சுப் பயிற்சி வகுப்பொன்றில் சேர்ந்து, எண்ணி எண்ணி மூச்சடக்கியதில் எனக்கு மிஞ்சியது தலைவலிதான். என் அவசரமும் அதற்குக் காரணமாயிருக்கலாம்.

ஏழு முதல் பத்து வரையுள்ள பிரகாசங்களில் பிண்டஸ்தம், பதஸ்தம், ரூபஸ்தம், ரூபாதீதம் என்னும் நால்வகைத் தியானங்கள் கூறப்படுகின்றன. பிண்டஸ்தத்தில் ஐந்து தாரணைகள் உண்டு. முதலில் பாற்கடலையும், அதன் நடுவே பொன்மயமான ஆயிரம் இதழ்த் தாமரையையும், அதன் மேல் வெண்ணிற அரியணையில் தான் அமர்ந்திருப்பதையும் எண்ண வேண்டும். பின்னர் உந்தித் தாமரையிலிருந்து எழும் தீ, இதயத்தில் கவிழ்ந்திருக்கும் எட்டிதழ்த் தாமரையாகிய எண்வினைகளை எரிக்கிறது. காற்று அந்தச் சாம்பலை அடித்துச் செல்கிறது. மழை எஞ்சியதைக் கழுவுகிறது. இறுதியில் ஏழு தாதுக்களும் நீங்கிய ஆன்மா முழுமதிபோல் ஒளிர்கிறது. ஓவியம் தீட்டுவது போன்ற இந்த முறை, கல்வியறிவு குறைந்தவரும் மனத்தில் பதித்துக்கொள்ளத் தக்கது. இப்பகுதிகள் திகம்பர ஆசாரியர் சுபசந்திரரின் ஞானார்ணவத்தோடு பெரிதும் ஒத்திருப்பதை அறிஞர்கள் எடுத்துக்காட்டியுள்ளனர். மரபுகள் வேறாயினும் தியானத்தில் ஒன்றுபடுவது நமக்கு மகிழ்ச்சி தருவதே. வேறுபடும் இடமும் உண்டு. ரிஷப தேவரின் தாய் மருதேவி யோகத்தின் வலிமையால் வீடுபெற்றாள் என்று ஹேமசந்திரர் முதற் பிரகாசத்தில் கூறுவதைத் திகம்பர மரபு ஏற்பதில்லை.

பன்னிரண்டாம் பிரகாசம் தனிச்சிறப்புடையது. ஆகமங்களிலும் குருவின் வாயிலும் பெற்றவற்றை முடித்துக்கொண்டு, தம் அனுபவத்தில் கண்டதை அவர் அதில் கூறுகிறார். மனம் அலைந்து திரிவது, போய்ப்போய் வருவது, ஒட்டி நிற்பது, முற்றிலும் ஒடுங்குவது என நான்கு நிலைகளை உடையது. அதனை வலிந்து இழுக்க வேண்டாம் என்பது அவர் அறிவுரை. மதங்கொண்ட யானையைத் தடுக்கத் தடுக்க அதன் சீற்றம் மிகும். விட்டுவிட்டால் தானே அடங்கும். மனமும் அத்தகையதே என்கிறார். ஆயுள் முழுதும் விரதங்களையும் கட்டுப்பாடுகளையும் வகுத்துத் தந்தவர், இறுதியில் இதனைச் சொல்வது முரண் போலத் தோன்றும். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. ஒழுக்கம் முன்னரே வேரூன்றிய மனத்தைத்தான் அவ்வாறு விட முடியும். வகுப்பில் ஓரிடத்தில் இராத மாணவனை அதட்டி உட்கார வைத்த நாட்களில் அவன் உடல் மட்டுமே உட்கார்ந்திருந்தது என்பதை நான் காலங்கடந்தே உணர்ந்தேன்.

இப்போதனை குமாரபாலனை எவ்வளவு மாற்றியது? அவன் ஊனும் மதுவும் விட்டான்; நாட்டில் கொலையைத் தடுத்தான். ஆண் வாரிசின்றி இறந்தவரின் சொத்தை அரசு கவர்ந்துகொள்ளும் வழக்கத்தைக் கைவிட்டான். கணவனை இழந்த அன்றே வீட்டையும் இழந்து தெருவில் நின்ற பெண்களுக்கு அது எத்தகைய விடுதலை! ஈமச் சடங்கு முடியுமுன் வாயிலில் வந்து நிற்கும் அதிகாரிகளை நினைத்துப் பார்த்தால், முப்பத்தைந்து பண்புகளில் நேர்மையான பொருள் ஏன் முதலில் நிற்கிறது என்பது விளங்கும். ஆனால் பேன் ஒன்றைக் கொன்ற வணிகனின் செல்வம் முழுவதையும் பறித்து, அதைக்கொண்டு ஜினாலயம் எழுப்பினான் என்றொரு செய்தியும் உண்டு. சரித ஆசிரியர் அதனைப் பெருமையாகவே எழுதுகிறார். என்னால் அவ்வாறு கொள்ள இயலவில்லை. யானையை விட்டுப் பிடிக்கச் சொன்னவரின் மாணவன் தண்டத்தால் அஹிம்சையைப் புகட்ட முயன்றது வருத்தம் தருவதாகும்.

யோகசாஸ்திரத்தின் பன்னிரண்டு பிரகாசங்களையும், அவனுக்காகவே இயற்றப்பட்ட வீதராக ஸ்தோத்திரத்தின் இருபது பிரகாசங்களையும் அம்மன்னன் நாள்தோறும் உணவுக்கு முன் ஓதினான் என்பர். ஊன் மென்ற முப்பத்திரண்டு பற்களும் தூய்மையடைய முப்பத்திரண்டு பிரகாசங்கள் என்பது கணக்கு.

1172இல், எண்பத்து நான்காம் வயதில், தம் முடிவை முன்னறிந்த ஹேமசந்திரர் உணவைத் துறந்து, அனைவரிடமும் மன்னிப்புக் கேட்டு உடலை நீத்தார். அதன்பின் குமாரபாலனும் நெடுநாள் வாழ்ந்தானில்லை. ஆசாரியரின் உடலை எரியூட்டிய இடத்தில் மன்னன் முதலில் ஒரு சிட்டிகைச் சாம்பலை எடுத்து நெற்றியில் இட்டுக்கொண்டான். அவனைப் பின்பற்றி மக்கள் ஒவ்வொருவராக எடுத்தனர். சாம்பல் தீர்ந்தபின் மண்ணையும் எடுத்துச் சென்றதால், பட்டணத்தில் அவ்விடம் பெரும்பள்ளமாகிவிட்டது என்று சரித நூல் முடிக்கிறது.